நீளும் மடல்களும் ஊரில் நிற்கும் செயலாளரும்



எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றைத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காசு சேர்ப்பவர் ரொறன்ரோவில் இருக்கிறார். கணக்குப் பார்ப்பவர் லண்டனில். கட்டட வேலை தெரிந்த பழைய மாணவர் மெல்பேர்ணில். அதிபரும் மேசனும் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளரும் இங்கே. இத்தனை பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேச வழியில்லை. ஒருவர் ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார். மற்றவர்கள் எல்லோருக்குமாகப் பதில் எழுதுகிறார்கள். மூன்று கிழமையில் அது அறுபது, எழுபது மடல்களாக நீண்டுவிடுகிறது. கடைசியில் அத்தனையையும் வாசித்து, என்னதான் செய்யச் சொல்லுகிறார்கள் என்று பிரித்தெடுக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் கைத்தொலைபேசியோடு கிணற்றடியில் நிற்கிற செயலாளர். நான் இன்று பேச வந்தது அவருக்காக.

நீண்ட தொடரில் எழுதுபவர்கள் பலர். அதன் பாரம் முழுவதும் வேலை செய்பவர் தலையில் இறங்குகிறது. நான் சொல்லவிருக்கும் எல்லாவற்றுக்கும் அடி இந்த ஒரு விடயம்தான்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். யூன் மாதத்தில் இங்கே காலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30. லண்டனில் அதிகாலை 1.30. மெல்பேர்ணில் காலை 10.30. கனடாவில் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து எழுதும் நேரத்தில்தான் இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை வெளிக்கிடுத்துகிறார்கள். அதனால் ஒரே கேள்விக்கு இரண்டு நாடுகளிலிருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே, இரண்டு பதில்கள் வந்து சேர்கின்றன. மெல்பேர்ண்காரர் கிணற்றுக் கட்டை உயர்த்தச் சொல்கிறார். லண்டன்காரர் இருக்கிற கட்டே போதும், மேலே வலை போடுங்கள் என்கிறார். இருவரும் அதிபரின் கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள். வாசிக்கிறவருக்கோ ஒருவர் மற்றவரை மறுத்துப் பேசுவதுபோலத் தெரிகிறது. அதைப் பார்த்து மூன்றாவது ஆள் ஒருவர் சமாதானம் பேச வருகிறார். நடக்காத சண்டைக்குச் சமாதானம்! இப்படித் தொடங்கிய மனக்கசப்பு பின்பு உண்மையான சண்டையாக மாறிய தொடர்களை நான் வாசித்திருக்கிறேன்.

பழைய மடல்களைத் தேடி வாசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய நேரத்துக்கு, அதாவது கிறீனிச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பியது. மடலின் தலையில் விழும் திகதியையும் நேரத்தையும் அனுப்புபவரின் கணினிதான் எழுதுகிறது. கடிகாரம் மாற்றாத ஒரு கணினியிலிருந்து எழுதினால், கேள்விக்கு முன்பே பதில் வந்ததுபோல நிற்கும். ஆகவே நேரத்தை மட்டும் நம்பி ஒரு பழைய தொடரை அடுக்கினால் கதை பிழைத்துவிடும்.

அப்படியானால் எந்த மடல் எந்த மடலுக்குப் பதில் என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது? கச்சேரியிலிருந்து கடிதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தக் கடிதத்தின் மேற்பகுதியில் 'எனது இல.' என்றும் 'உமது இல.' என்றும் இரண்டு இடங்கள் இருக்கும். முதலாவது இந்தக் கடிதத்தின் இலக்கம். மற்றது எந்தக் கடிதத்துக்கு மறுமொழியோ அதன் இலக்கம். இரண்டும் சரியாக இருந்தால் கோவையிலே கடிதம் தன் இடத்தில் போய் அமரும். மின்னஞ்சலுக்கும் இதே ஏற்பாடுதான். கணினிகளுக்கிடையே மடல் அனுப்பும் வழியை ரே ரொம்லின்சன் செய்து காட்டியது 1971 இல். 1982 ஓகஸ்டில் டேவிட் குரொக்கர் தொகுத்த ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறை, ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள இலக்கத்தையும், அது எந்த மடலுக்குப் பதில் என்ற இலக்கத்தையும், அதற்கு முன்னே போன மடல்களின் இலக்க வரிசையையும் தலைப்பகுதியில் எழுத இடம் வைத்தது. நாங்கள் திரையில் பார்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு மடலும் தன் தாய் யார், பாட்டி யார் என்பதைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

இந்த இலக்கங்களைக் கொண்டு வரைந்தால் கிடைப்பது கிளை விட்ட ஒரு வம்சாவளி. ஒரு கேள்விக்கு மூன்று பதில், அதில் ஒரு பதிலுக்கு இரண்டு மறுமொழி என்று அது பிரியும். 1990களில் நெற்ஸ்கேப் மென்பொருளில் ஜேமி சவின்ஸ்கி அப்படித்தான் மடல்களைக் கிளை கிளையாக அடுக்கிக் காட்டினார். இடையிலே ஒரு மடல் தொலைந்திருந்தாலும் மிச்சத்தைச் சரியாக ஒட்டுவதற்கான அவருடைய முறையை எல்லோருக்கும் தெரிய எழுதியும் வைத்தார். பிறகு 2004 ஏப்ரல் 1 அன்று கூகிளின் ஜிமெயில் வந்தது. அது கிளைகளைக் காட்டவில்லை. ஒரே உரையாடலின் மடல்கள் எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில், பழையது மேலும் புதியது கீழுமாக அடுக்கியது. பலருக்கு அது பெரிய ஆறுதல். சிலருக்கு அது பிடிக்கவேயில்லை. அந்த அடுக்கை நிறுத்திவைக்கும் வசதியை ஜிமெயில் கொடுத்ததோ 2010 செப்ரெம்பரில்தான். மைக்ரோசொஃப்ற்றின் அவுட்லுக்கும் அதே ஆண்டு வந்த பதிப்பில் உரையாடலாக அடுக்கிக் காட்டும் முறையை முன்னே கொண்டுவந்தது.

என் அபிப்பிராயம் இதுதான்: செய்தி அறிய நேர்கோடு நல்லது, தீர்மானம் அறியக் கிளைதான் வேண்டும். எங்கள் கிணற்றுத் தொடரின் நாற்பதாவது மடலில் ஒருவர் 'சரி, அப்படியே செய்யுங்கள்' என்று எழுதியிருக்கிறார். நேர்கோட்டில் பார்த்தால் அதற்கு மேலே நிற்பது கட்டை உயர்த்தும் யோசனை. கிளையில் பார்த்தால் அவர் பதில் எழுதியது வலை போடும் யோசனைக்கு. செயலாளர் எதைச் செய்வார்? கட்டு உயர்ந்த பிறகு, 'நான் அதற்கா சம்மதித்தேன்?' என்று ஒரு மடல் வரும். அதற்குப் பழி சுமப்பவர் இங்கே இருப்பவர்.

தீர்வு மென்பொருளில் இல்லை. 'சரி' என்று எழுதுகிறவர் எதற்குச் சரி என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். 'கிணற்றின் மேல் இரும்பு வலை போடுவதற்குச் சம்மதம், இரண்டாவது மேசன் தந்த விலைக்கே' என்று. அந்த வரியைத் தனியே எடுத்து வாசித்தாலும் விளங்க வேண்டும். இணைய நடத்தைக்கென்று 1995 ஒக்டோபரில் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 1855 கூட, பதில் எழுதுபவர் பழைய மடலிலிருந்து விளங்குவதற்குப் போதுமான அளவை மட்டும் மேலே வைத்துக்கொண்டு எழுதவேண்டும் என்றுதான் கேட்டது. முழு மடலையும் அடியில் இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் பின்னாளில் எங்கும் பரவிவிட்டது. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேலே போன மடலை இடையில் வெட்டி, மிச்சத்தைப் பார்க்க வேறாக அழுத்தச் சொல்லும். ஒருங்குறியில் 'கி' என்ற ஓர் எழுத்துக்கு ஆறு பைட்டு வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். ஆகவே தமிழில் எழுதுகிறவர்களின் மடலில் இந்த வால் மற்றவர்களுடையதைவிட விரைவாக நீளும்.

தமிழ் என்று வந்ததால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் தமிழில் மின்னஞ்சல் எழுதியவர்கள் பட்டபாடு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆளுக்கொரு எழுத்துரு. எங்கள் பக்கத்தில் பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே மடல் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். பதில் எழுதுபவர் வேறு எழுத்துரு வைத்திருந்தால் மேலே தமிழும் கீழே குப்பையுமாகத் தொடர் வளரும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு பொதுக்குறியீடு வேண்டும் என்று மலேசியா, சிங்கப்பூர், சுவிற்சர்லாந்து, வட அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே வாதாடினார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெற், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஆகியவை அந்தக் காலத்தின் பெயர்கள். அந்த வாதங்களிலிருந்துதான் டிஸ்கி என்ற தகுதரம் பிறந்தது. எழுத்து சரியாகத் தெரியாத மடல்களிலே எழுத்தைச் சரியாக்குவது பற்றி எழுதினார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் மதிப்பு மேலிடுகிறது.

பிறகு ஒருங்குறி எங்கும் பரவியது. ஆனாலும் பழைய மடல்கள் பாமினியிலேயே கிடக்கின்றன. அவற்றை வாசிக்க எழுத்துரு மாற்றி வேண்டும். தேடவோ முடியாது. தலைப்பை ஆங்கிலத்தில் எழுதும் பழக்கமும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஆங்கிலமல்லாத எழுத்தைத் தலைப்பில் வைக்க 1992 இலேயே விதிமுறை வந்துவிட்டது, ஆனால் பல மென்பொருள்கள் அதை ஒழுங்காகக் காட்டவில்லை. உள்ளே தமிழ், தலைப்பு ஆங்கிலம், இடையில் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 'யாழ்ப்பாணம்' என்பதையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். 'கிணறு' என்று தேடினால் 'கிணற்றை', 'கிணத்தடி' என்று எழுதிய மடல்கள் பெரும்பாலும் அகப்படா. எங்கள் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும் என்பது தேடுபொறிக்குத் தெரியாது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, தலைப்பிலே மாறாத ஒரு பெயரை வைப்பது. 'கிணறு திருத்தம் 2024' என்று முதல் மடலில் வைத்தால் கடைசி மடல் வரை அதுவே இருக்கட்டும். தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். நூறு மடலைத் தாண்டினாலும் தானாகவே பிரிக்கும். பிரிந்த துண்டுகளைப் பின்னர் சேர்த்தெடுக்க அந்தப் பெயர் ஒன்றுதான் உதவும்.

இனி இந்தத் தொடர்களில் என்னை மிகவும் வருத்தும் ஒன்றைச் சொல்கிறேன். ஊரிலே ஒரு பெரியவர் இறந்துவிடுகிறார். செய்தியை எல்லோருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். பெயர்ப்பட்டியலைத் தேட நேரமில்லை. கையில் கிடைத்த கடைசி மடலுக்கு 'எல்லோருக்கும் பதில்' அழுத்தி அதிலே எழுதிவிடுகிறார்கள். கிணற்றுக்கு எத்தனை மூட்டை சீமெந்து என்ற மடலுக்குக் கீழே ஒரு மரணச் செய்தி. அடுத்த இரண்டு நாளும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' நாற்பது வருகின்றன. இடையிலே செய்தியைக் காணாத ஒருவர் சீமெந்து விலை கேட்கிறார். அவருக்குப் பக்கத்திலே அழுகிறவர்களின் மடல். இறந்தவரின் மகன் அந்தப் பட்டியலில் இருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? அதோடு கிணற்றுக் கதையும் அங்கேயே அறுந்துபோகிறது. துக்கம் தெரிவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் பிரிந்து கிடக்கும் எங்களுக்கு அதைவிட முக்கியமான மடல் வேறு என்ன? அதனால்தான் அதற்குத் தனி மடல் வேண்டும், தனித் தலைப்பு வேண்டும் என்கிறேன். இறந்தவரின் பெயர் அந்தத் தலைப்பிலே இருக்கவேண்டும். பத்து வருடம் கழித்து அவருடைய பேரப்பிள்ளை தேடினாலும் அந்த அனுதாபங்கள் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும்.

'எல்லோருக்கும் பதில்' என்ற பொத்தான் பெரிய நிறுவனங்களையே நிலைகுலைய வைத்திருக்கிறது. 1997 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்துக்குள்ளே ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட ஒரு பட்டியலுக்குப் போன மடலுக்கு, 'என் பெயரை நீக்குங்கள்' என்று எல்லோருக்கும் பதில் எழுதத் தொடங்கி, மடல் வழங்கிகளே படுத்துவிட்டன. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் சுமார் 840,000 பேருக்குப் போன ஒரு சோதனை மடலுக்கும் அதே கதி. எங்கள் சங்கத் தொடரில் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் பாதிக்கப்படும் செயலாளருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சரி, நீண்ட தொடரைக் கொண்டு நல்ல காரியம் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து ப. குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று ஒருங்கிணைக்க, ஒருவரையொருவர் நேரில் காணாத தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை உலகின் பல மூலைகளிலிருந்து தட்டச்சுச் செய்தார்கள். முதல் எண் திருக்குறளுக்கு. அவர்களிடையே எத்தனை மடல்கள் போய் வந்திருக்கும்! ஆனால் வாசகருக்கு அந்த மடல்கள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண், அதன் முதற்பக்கத்தில் தட்டச்சுச் செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற குறிப்பு. பேச்சின் விளைவு மட்டும் பேச்சுக்கு வெளியே, எல்லோரும் காணும் இடத்தில் எழுதிவைக்கப்பட்டது.

சங்கங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். தொடர் நீளட்டும். மனிதர் பேசத்தான் வேண்டும், தூரத்திலிருப்பவர் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் ஒரு முடிவு வந்தவுடன், தலைவரோ வேறொருவரோ அதைத் தனி மடலாக எழுதவேண்டும். அதிலே என்ன முடிவு, எவ்வளவு காசு, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள், இன்னும் முடிவாகாதது எது என்று இருக்கட்டும். 'முடிவாகாதது எது' என்பதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். செயலாளருக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான். இதை எழுதும் பொறுப்பைச் செயலாளரிடமே விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அவர் எழுதினால், 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று வருகிற மறுப்பும் அவர் தலையிலேயே விழும். கருத்துச் சொன்னவர்களில் ஒருவர் எழுதட்டும். வேலை செய்பவர் அதை வாங்கிக்கொள்ளட்டும்.

இப்போதெல்லாம் வட்ஸ்அப்தானே, மின்னஞ்சல் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவசரச் செய்திக்கு வட்ஸ்அப் நல்லது. தீர்மானத்துக்கு நல்லதல்ல. அங்கே தலைப்பு இல்லை. குரல் பதிவாக வந்ததைத் தேட முடியாது. தொலைபேசி கெட்டால் பல வேளைகளில் எல்லாமே போய்விடும்.

இந்தத் தீர்மானங்களைப் பாதுகாத்து வைப்பதைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. முன்பு சனசமூக நிலையத்து அலுமாரியில் கூட்டறிக்கைப் புத்தகம் இருந்தது. யார் செயலாளராக வந்தாலும் அதே புத்தகம். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அப்படியான புத்தகங்கள் எத்தனை போயின! 1981 இல் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊர் இது. அந்த இழப்பை அறிந்தவர்கள் 2005 இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊர் மலர்களும் பள்ளிக்கூடச் சஞ்சிகைகளும் துண்டுப்பிரசுரங்களும் இன்று அந்த மின்னூலகத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால் இப்போது எங்கள் தீர்மானங்கள் இருப்பது எங்கே? ஒரு செயலாளரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில். அவர் பதவி விட்டால் அடுத்தவரிடம் ஒன்றும் இல்லை. அவர் அந்தக் கணக்கைப் பாவிக்காமல் விட்டால் அதுவும் போய்விடலாம். இரண்டு வருடம் உயிர்ப்பில்லாமல் இருக்கும் தனியாள் கணக்குகளை நீக்கலாம் என்று கூகிள் 2023 மே மாதத்தில் அறிவித்து, அந்த டிசெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கிவிட்டது.

எல்லா மடலையும் ஊரறியப் போட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட தொடரில் கோபத்தில் எழுதியதும் இருக்கும், பெயர் சொல்லிக் குறை சொன்னதும் இருக்கும். முடிவு மடல்களை அச்செடுத்துப் புத்தகத்தில் ஒட்டி அலுமாரியில் வையுங்கள். தொடர் முழுவதையும் தரவிறக்கி, சங்கத்தின் இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் மூடிய பிரதியாகக் கொடுத்துவையுங்கள். கூகிள் கணக்கிலுள்ள மடல்களை மொத்தமாக எடுக்க அந்நிறுவனமே வழி வைத்திருக்கிறது. ஒரு பிற்பகல் வேலை அது, சங்கத்துக்கு ஓர் இளைஞர் போதும்.

வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு விடயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல் பதவியோடு கைமாற வேண்டும், ஆளோடு போகக்கூடாது. மற்றது, ஏற்கெனவே சொந்தக் கணக்கில் சங்கத் தொடர்களை வைத்திருக்கும் மூத்தவர்கள். தன் கணக்கு நெடுநாள் பாவனையில் இல்லாவிட்டால் அதிலுள்ளவை யாரைச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே பத்துப் பேர் வரை குறித்துவைக்கும் ஏற்பாடு கூகிளில் 2013 முதல் இருக்கிறது. அதிலே சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைச் சேர்க்க அவர்கள் மனம் வைப்பார்களா என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே, அவர்கள் பக்கத்தில் இருந்து, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம் என்று அவர்கள் வாயால் கேட்டுச் செய்ய வேண்டியது இது. பிறகு குடும்பத்தாரிடம் போய்க் கடவுச்சொல் கேட்பது அவர்களுக்கும் துன்பம், கேட்கப் போகிற செயலாளருக்கும் துன்பம்.